வலி தாங்குகிற உடம்பு என்று எவன் சொன்னது?

"அவங்களுக்கு இதெல்லாம் பெருசா தெரியாதுப்பா. உழைச்சு உரமேறின உடம்பு."

அரசு மருத்துவமனை வார்டுகளில் இந்த வாக்கியத்தைக் கேட்காத சேரிக்காரர்கள் குறைவு. சில நேரம் பாராட்டைப் போலவே காதில் விழும். காலைக் கிழித்துக்கொண்டு வந்த துப்புரவுத் தொழிலாளிக்கு, மரப்பு ஊசி வேலை செய்யத் தொடங்குமுன்பே தையல் விழும்போது இதைச் சொல்வார்கள். தீக்காயத்தில் ஒட்டிப்போன துணியைப் பிய்த்தெடுக்கும்போது சொல்வார்கள். பிரசவ வார்டில் கத்துகிற பெண்ணுக்கு இதுகூடக் கிடையாது, வசவுதான் கிடைக்கும். என்ன வசவு என்று இங்கே எழுதவேண்டியதில்லை, உங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்வார்.

இந்த வாக்கியம் வேலைப்பளுவில் சலித்துப்போன ஒரு நர்சம்மாவின் வாயில் பிறந்ததல்ல. மயக்க மருந்து ஆராய்ச்சிக்கு என்ன வயதோ அதே வயது இதற்கும். இந்த வரலாற்றை எந்த மருத்துவக் கல்லூரியும் நமக்குச் சொல்லித்தரப் போவதில்லை என்பதால் நாங்கள் சொல்கிறோம்.

பாடப்புத்தகம் 1846 அக்டோபர் 16இல் தொடங்கும். பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதரை முகரவைக்க, ஒரு நோயாளியின் கழுத்துக் கட்டியைப் பலர் முன்னிலையில் அறுத்தெடுத்தார்கள். மயக்கவியல் படிக்கும் தோழர்கள் இந்த நாளை ஆண்டுதோறும் கேக் வெட்டிக் கொண்டாடுகிறீர்கள். கொண்டாடுங்கள். ஆனால் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே, வங்காளத்தின் ஹூக்ளியில், ஒரு சிறைக் கைதியின் உடம்பில் இன்னொரு சோதனை நடந்தது. அந்தக் கைதியின் பெயர் மாதப் கவுரா.

ஜேம்ஸ் எஸ்டெய்ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஸ்காட்லாந்துக்கார அறுவை மருத்துவர். 1845 ஏப்ரல் 4 அன்று அவர் முன்னால் நின்ற மாதப் கவுரா ஏழாண்டு தண்டனை பெற்றவர். காலில் விலங்கோடு சாலை போடும் வேலை. இரண்டு பக்கமும் விரைவீக்கம். எஸ்டெய்ல் தன் புத்தகத்தில் அவரைப் பன்றி வியாபாரி என்று குறிக்கிறார். கவோரா என்பது வங்காளத்தில் பன்றி வளர்ப்போடு சேர்த்துப் பேசப்படும் சாதி, இன்றைய மேற்கு வங்கப் பட்டியல் சாதிகளில் ஒன்று. பெயரையும் தொழிலையும் சேர்த்துப் படிக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

சிகிச்சையின்போது மாதப் வலியில் துடித்தார். அதைப் பார்த்த எஸ்டெய்லுக்கு, ஐரோப்பாவில் அப்போது பரபரப்பாக இருந்த மெஸ்மெரிசத்தை, அதாவது கையசைத்துத் தூக்க மயக்கத்தில் ஆழ்த்தும் முறையை, செய்து பார்க்கலாமே என்று தோன்றியது. அதற்கு முன் அவர் அதை ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை. மாதப் அசைவற்றுப் போனார். அவர் நடிக்கிறாரா, உண்மையிலேயே உணர்விழந்தாரா என்று சோதிக்க வேண்டுமே! மாவட்ட நீதிபதியும் கலெக்டரும் வந்து உட்கார்ந்தார்கள். அவருடைய முழங்காலில் நெருப்பை வைத்தார்கள். மூக்கில் அம்மோனியாவைக் காட்டினார்கள். அவர் அசையவில்லை என்று குறிப்பு சொல்கிறது.

அந்த அறையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஒருபக்கம் தீர்ப்பு எழுதுகிறவர், வரி வசூலிக்கிறவர், கத்தி பிடிக்கிறவர். எதிரில் விலங்கு மாட்டிய ஒரு பன்றி வளர்க்கும் சாதிக்காரர். "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அந்த மனிதரிடம் எந்த மூலையில் இருந்திருக்கும்? அடுத்த எட்டே மாதங்களில் 73 வலியில்லா அறுவைகள் செய்ததாக எஸ்டெய்ல் பட்டியல் போட்டார். அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது, 1846 இறுதியில் கல்கத்தாவில் அவருக்கென்று தனி மருத்துவமனையே கொடுத்தது. ஈதரும் குளோரோஃபார்மும் வந்ததும் அந்தக் கதை முடிந்துபோனது. எஸ்டெய்லின் பெயர் ஹிப்னாசிஸ் பற்றிய புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. மாதப் கவுராவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

எஸ்டெய்ல் கொடூரர் என்று நாங்கள் சொல்லவில்லை. வலியைக் குறைக்கவேண்டும் என்று அவர் உண்மையிலேயே விரும்பியிருக்கலாம். நாங்கள் கேட்பது வேறு. வலியை ஒழிக்கும் அறிவியலின் முதல் பக்கத்தில் ஏன் எப்போதும் ஒரு கைதியோ, அடிமையோ, தீண்டப்படாதவரோ படுத்திருக்கிறார்?

அதே 1845இல், கடல் கடந்து, அமெரிக்காவின் அலபாமா மாநிலம் மாண்ட்கோமரியில் ஜே. மரியன் சிம்ஸ் தன் சோதனைகளைத் தொடங்கினார். நெடுநேரப் பிரசவத்தால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் கிழிந்து, சிறுநீர் ஓயாமல் கசிந்துகொண்டிருந்த அடிமைப் பெண்கள் மீது அந்த அறுவைச் சோதனைகள். அவர்களில் மூவரின் பெயர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன: அனார்கா, லூசி, பெட்ஸி. மயக்க மருந்து கிடையாது. அனார்காவுக்கு மட்டும் சுமார் 30 முறை அறுவை நடந்தது. ஒப்புதல் கொடுத்தவர்கள் அவர்களுடைய எஜமானர்கள். "அப்போது ஈதரே வரவில்லையே" என்று சிம்ஸுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. 1845க்கு அது சரி. சோதனைகள் 1849 வரை நடந்தன. ஈதர் 1846இல் வந்துவிட்டது, 1847இல் எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்துவிட்டார். உலகம் முழுக்க அந்தச் செய்தி பரவிய பிறகும் அலபாமாவின் அந்த மேசைக்கு மட்டும் அது வரவில்லை. சிம்ஸ் நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை எனப்பட்டார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அவருக்குச் சிலை இருந்தது. கறுப்பினப் பெண்கள் விடாமல் போராடி 2018 ஏப்ரலில் அதைக் கழற்றவைத்தார்கள்.

செய்த செயலுக்குத் தத்துவம் வேண்டுமே, அதுவும் பின்னாலேயே வந்தது. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற லூசியானா மருத்துவர், கறுப்பின மக்களுக்குத் தோலில் உணர்ச்சி குறைந்துபோகும் ஒரு நோய் இருப்பதாகவே எழுதி, அதற்குக் கிரேக்க வாடையடிக்கும் ஒரு பெயரும் வைத்தார். முதலில் வலி கொடுப்பது, பிறகு இவர்களுக்கு வலிக்காது என்று ஆய்வு எழுதுவது. மனுவின் பிள்ளைகளுக்கு இந்த வரிசை புதிதல்ல.

இடையில் ஒரு சின்னச் செய்தி, எங்களுக்குப் படித்ததும் தொண்டை அடைத்தது. குளோரோஃபார்ம் கொடுக்கும்போது ஆட்கள் சாவது மூச்சு நின்றா, இதயம் நின்றா என்று கண்டுபிடிக்க, 1888இலும் 1889இலும் ஐதராபாத்தில் நிஜாமின் பணத்தில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இயங்கின. முன்னின்று நடத்தியவர் எட்வர்ட் லாரி. மூச்சுதான் நிற்கிறது, இதயத்துக்கு ஆபத்தில்லை என்று முடிவு சொன்னார்கள். 1911இல் லெவி என்பவர் அது தவறு, குளோரோஃபார்ம் இதயத் துடிப்பையே குலைத்து நிறுத்தும் என்று காட்டினார். அது கிடக்கட்டும். அந்தச் சோதனைகளில் கொல்லப்பட்ட தெருநாய்களை அறிக்கைகள் எப்படி எழுதின தெரியுமா? "பறையா நாய்கள்." நம் பறையடித்த பாட்டன்மாரின் சாதிப் பெயர், யாருக்கும் சொந்தமில்லாத, கேள்வி கேட்காமல் கொல்லத்தக்க விலங்கின் பெயராக ஆங்கில மருத்துவ இதழில் அச்சேறியது. திட்டுவதற்காகக்கூட அதை எழுதவில்லை, சாதாரண வழக்குச் சொல்லாகத்தான் எழுதினார்கள்.

மயக்கவியல் முழுக்க முழுக்கத் தொட்டுச் செய்யும் மருத்துவம். முதுகெலும்பின் இடுக்கை விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். மயங்கியவரின் தாடையை உயர்த்திப் பிடித்து மூச்சைக் காக்க வேண்டும். தீண்டாமைச் சமூகத்தில் இந்த மருத்துவம் எப்படி நடக்கும்? பாபாசாகேப் தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு கடிதத்தைச் சேர்த்திருக்கிறார். கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியரின் மனைவி, பிள்ளை பெற்ற சில நாளில் நோயுற்றார். வந்த மருத்துவர் வெப்பமானியை ஒரு இஸ்லாமியரிடம் கொடுத்தார், அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். அப்படியே திரும்பியும் வந்தது. மருத்துவர் தொடவே இல்லை. அந்தப் பெண் இறந்துபோனார். 1929இல் யங் இந்தியாவில் வெளிவந்த கடிதம் அது. இன்று கையுறை வந்துவிட்டது, தொடுகிறார்கள். ஆனால் தொடுகிற கை எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, எவ்வளவு மருந்து கொடுக்கிறது, "வலிக்குதா?" என்று கேட்கிறதா என்பதெல்லாம் இன்னும் அளக்கப்படாமலே இருக்கிறது.

அமெரிக்காவில் அளந்தார்கள். 1993இல் லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவில், கை கால் எலும்பு முறிந்து வந்தவர்களின் பதிவேடுகளை நாக்ஸ் டாட் என்ற மருத்துவரின் குழு புரட்டிப் பார்த்தது. ஹிஸ்பானிக் நோயாளிகளில் 55 சதவீதம் பேருக்கு வலி மருந்தே கொடுக்கப்படவில்லை, வெள்ளையர்களில் அது 26 சதவீதம். பிறகு அட்லாண்டாவில் பார்த்தார்கள். வலி மருந்து பெற்றவர்கள் வெள்ளையர்களில் 74 சதவீதம், கறுப்பர்களில் 57 சதவீதம். 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வில் வெள்ளை மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் கேட்டபோது, ஏறத்தாழ பாதிப்பேர் "கறுப்பர்களின் தோல் தடிமன்" என்பது போன்ற பொய்களில் ஏதாவது ஒன்றையாவது நம்பினார்கள். கார்ட்ரைட் செத்து ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் அவர் எழுதியது வகுப்பறையில் உயிரோடு இருந்தது.

அவர்களால் இதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவர்களுடைய பதிவேட்டில் இனம் என்று ஒரு கட்டம் இருந்தது. நம் மயக்கவியல் ஆய்வுக் கட்டுரைகளின் முதல் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். வயது இருக்கும். பால், எடை, உயரம், உடல்நிலைத் தரம் எல்லாம் இருக்கும். சாதி இருக்காது. "நாங்கள் நோயாளியிடம் சாதி பார்ப்பதில்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். பாகுபாட்டை எண்ணிக் காட்டும் வழியை அடைத்துவிட்டு, பாகுபாட்டுக்கு ஆதாரம் எங்கே என்று நம்மைக் கேட்பது நல்ல தந்திரம். தேர்வில், வேலையில், நிலத்தில் இதே பேச்சைக் கேட்டவர்கள்தானே நாம்.

இப்போது உள்ளூருக்கு வருவோம். மயக்கவியலில் எம்.டி. படிக்கும் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும். இப்படி ஓர் ஆய்வு இருக்கும்: அடிவயிற்று அறுவைக்கு முதுகில் ஊசி போடும் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு 0.5 சதவீத புபிவகெயின் 3 மில்லி, கூடவே வெறும் உப்புநீர். இன்னொரு குழுவுக்கு அதே மருந்தோடு டெக்ஸ்மெடிடோமிடின் 5 மைக்ரோகிராம், அல்லது கொஞ்சம் ஃபென்டனில். அறுவை முடிந்ததும் 0 முதல் 10 வரை ஒரு கோட்டைக் காட்டி, வலி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். 4ஐத் தொட்டதும் வலி ஊசி. முதுகில் ஊசி போட்டதிலிருந்து அதுவரை எத்தனை நிமிடம் என்பதுதான் ஆய்வின் முடிவு.

இந்த முறையில் அறிவியல் தவறு இல்லை. புபிவகெயின் மட்டும் கொடுப்பதும் வழக்கமான சிகிச்சைதான், அதைக் குற்றம் என்று சொன்னால் நாம் பொய் சொல்கிறவர்களாவோம். ஆனால் டெக்ஸ்மெடிடோமிடின் சேர்த்தால் வலியற்ற நேரம் நீளும் என்பது எப்போதோ தெரிந்துபோன சங்கதி. அதே கேள்வி, அதே அளவு, ஊர் மட்டும் வேறு என்று ஆய்வேடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. விடை தெரிந்த கேள்விக்காக, உப்புநீர்க் குழுவில் விழுந்த பெண்ணுக்கு வலி முன்னதாக வருகிறது. அந்தப் பெண் யார்? தனியார் மருத்துவமனையில் காசு கட்டிப் படுத்தவர் இல்லை. அரசு மருத்துவமனையை விட்டால் வேறு போக்கிடம் இல்லாதவர். தன் பெயர் ஒரு குழுவில் சேர்க்கப்பட்டது அவருக்குத் தெரியுமா? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கும், அல்லது கட்டைவிரல் ரேகை. ஆபரேஷனுக்கு வைக்கும் ரேகையோடு சேர்த்து இன்னொரு ரேகை. "இதுல ஒண்ணு வைம்மா." படிவத்தின் தமிழோ, ஆங்கிலத்தைவிடக் கடினமாக இருக்கிறது. "சமவாய்ப்பு முறையில் தாங்கள் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்" என்றால் நடவுக்குப் போய்வந்தவருக்கு என்ன புரியும்? சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டில் ஒரு மருந்து கொடுப்போம், எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, வேண்டாம் என்றாலும் ஆபரேஷன் நிற்காது. இவ்வளவுதானே, எழுத முடியாதா?

இதைவிட எங்களைச் சுடுவது இன்னொன்று. ஆய்வேடு முடிந்து, பட்டம் வாங்கி, பைண்டு போட்டு நூலகத்தில் அடுக்கியாகிவிட்டது. எந்த மருந்து சிறந்தது என்று அந்த வார்டின் நோயாளிகள் தங்கள் உடம்பால் நிரூபித்துக் கொடுத்தார்களோ, அந்த மருந்து மறுமாதம் அதே வார்டில் எல்லோருக்கும் கிடைக்கிறதா? இருப்பு இல்லை என்பார்கள். ஒடுக்கப்பட்ட குழுவினரை வைத்து ஆய்வு செய்தால் அதன் பலன் அவர்களுக்குத் திரும்பவேண்டும் என்று ஹெல்சிங்கிப் பிரகடனம் சொல்கிறது. அரும்பாடுபட்டு நிமிடம் நிமிடமாக வலியை அளந்த அதே கட்டடத்தில், தீக்காய வார்டில் கட்டுப் பிரிக்கும் சத்தம் வெளிவாசல் வரை கேட்கிறது. ஆய்வுக்கு வெளியே இருக்கும் வலியை அளக்க ஆள் இல்லை.

வலியே அளக்கப்படாத இடம் எப்படி இருக்கும் என்பதற்குப் பீகாரைப் பாருங்கள். 2012 ஜனவரியில் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்தார்கள். தேவிகா பிஸ்வாஸ் உச்சநீதிமன்றம் போனார். 2016இல், மூன்றாண்டுக்குள் இந்த முகாம் முறையையே ஒழிக்கச் சொன்னது தீர்ப்பு. 2022 நவம்பரில் அதே பீகாரின் ககாரியா மாவட்டத்தில், மயக்க மருந்து வேலை செய்யாமலே தங்களை அறுத்ததாகவும், கைகால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டதாகவும் பெண்கள் பத்திரிகைகளிடம் சொன்னார்கள். இந்த மேசைகளுக்கு எந்தத் தெருப் பெண்கள் வருவார்கள், எந்தத் தெருப் பெண்கள் வரமாட்டார்கள் என்பதை உங்கள் ஊரை வைத்தே யோசித்துக்கொள்ளுங்கள்.

"உடம்புக்கு உடம்பு வித்தியாசம் உண்டுதானே, அதைச் சொன்னால் சாதி என்கிறீர்களே" என்பார்கள். உண்டுதான். நெடுநாள் குடிப்பவருக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம். ரத்தசோகை உள்ளவருக்கு அறுவை ஆபத்து கூடும். சாக்கடைக்குள் இறங்குகிறவர் ஏன் குடித்துவிட்டு இறங்குகிறார்? நம் பெண்களின் ரத்தத்தில் ஏன் இரும்பு இல்லை? இவை சாதி உடம்பில் எழுதிவைத்த வித்தியாசங்கள். இவற்றைத் தெரிந்துகொண்ட மருத்துவர் அதிக கவனமும் தேவையான மருந்தும் கொடுக்கவேண்டும். "குடிகாரன், அப்படித்தான் கத்துவான்" என்று போவது மருத்துவமில்லை.

மருத்துவ ஆய்வு நெறிமுறைக்கான போராட்டத்தில் பெரிய குரல் கொடுத்தவரும் ஒரு மயக்க மருத்துவர்தான் என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். ஹார்வர்டின் ஹென்றி பீச்சர் 1966இல், தம் சகாக்களே செய்த 22 ஆய்வுகளை எடுத்துப்போட்டு, இவையெல்லாம் அறமற்றவை என்று எழுதினார். துறைக்குள் இருந்துகொண்டு துறையைக் கேள்வி கேட்டார். இன்று இடஒதுக்கீட்டில் போராடி நுழைந்த நம் தம்பி தங்கைகள் மயக்கவியல் துறையில் இருக்கிறார்கள். ஆய்வேட்டுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிற்கிறார்கள். வழிகாட்டிப் பேராசிரியரின் கையில் மதிப்பெண் இருக்கிறது, எதிர்த்துப் பேசினால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் தலைப்பை மாற்ற முடியும். நூறாவது டெக்ஸ்மெடிடோமிடின் ஒப்பீட்டுக்குப் பதிலாக, நம் மருத்துவமனையில் அறுவைக்குப் பிந்தைய முதல் 24 மணி நேரத்தில் யாருக்கு வலி மருந்து நேரத்துக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று எண்ணுங்கள். யாருக்கும் கூடுதல் ஊசி வேண்டாம், எந்தக் குழுவுக்கும் உப்புநீர் வேண்டாம், பதிவேடு போதும்.

அந்தக் கணக்கில் சாதியும் வேண்டும். இதில் எங்களுக்குள்ளேயே விவாதம் நடந்தது. கேஸ் ஷீட்டின் மேல் சாதியை எழுதினால் அதுவே இன்னொரு சேரி ஆகிவிடும் என்று சில தோழர்கள் சொன்னது நியாயம். ஆகவே வார்டில் யார் கண்ணிலும் படாமல், பெயர் நீக்கிய ஆய்வுப் பதிவில் மட்டும், நோயாளி விரும்பிச் சொன்னால் மட்டும் என்று கேட்கிறோம்.

மருத்துவம் படிக்காதவர்களுக்கும் வேலை இருக்கிறது. நெறிமுறைக் குழுக்களில் மருத்துவரல்லாத பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் இருந்தாகவேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேர் அந்த நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வரவேண்டும் என்பது 2019 மருந்துப் பரிசோதனை விதிகள் சொல்வது. உங்கள் மாவட்ட மருத்துவக் கல்லூரியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார்? கடந்த மூன்றாண்டில் மயக்கவியல் துறை அனுமதி பெற்ற ஆய்வுகள் எத்தனை, ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவம் எது, மருத்துவமனையின் மாதாந்திர மார்ஃபின் செலவு எவ்வளவு, வலி மதிப்பெண் பதிவு செய்யும் வார்டுகள் எவை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரே மனுவில் கேட்கலாம். பதில் வந்தாலும் அனுப்புங்கள், மறுத்தாலும் மறுப்புக் கடிதத்தை அனுப்புங்கள். நோயாளிகளின் பெயரையும் நோய் விவரத்தையும் மட்டும் மறைத்துவிடுங்கள். படிவங்கள் கைக்கு வந்ததும், நடவுக்குப் போகிற பெண்கள் சிலரை உட்காரவைத்து வாசித்துக் காட்டப்போகிறோம். அவர்களுக்குப் புரியாத ஒவ்வொரு வரியையும் அடித்துவிட்டு, அவர்கள் சொல்லும் தமிழில் திருப்பி எழுதி, அந்தந்தக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்கே பதிவுத் தபாலில் அனுப்புவோம்.